முள்ளை முள்ளால் எடுத்த கதை: ஒரு சின்ன டெலஸ்கோப்புக்குள்ள 350 வருஷம்

வானத்தைப் பத்தி பேசின எபிசோடுகளுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான். "ப்ரோ, சின்னதா, நல்லதா, பையில போட்டு எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு டெலஸ்கோப் சொல்லுங்க." கூடவே பெரும்பாலும் ஒரு ஷாப்பிங் லிங்க் இருக்கும். திறந்து பார்த்தா பெட்டி மேல கொட்டை எழுத்துல '675 மடங்கு பெரிதாகக் காட்டும்'னு போட்டிருக்கும்.

ஒரு மாடல் பேரைச் சொல்லி நான் முடிச்சுடலாம். ஆனா மாடல்கள் மாறிக்கிட்டே இருக்கும். அதைவிட முக்கியமான விஷயம், 'சின்னது', 'நல்லது' என்கிற ரெண்டு வார்த்தையும் ஒரே டெலஸ்கோப்ல வந்து சேர்றதுக்கு மனுஷங்களுக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதை தெரிஞ்சா, எந்தக் கடையில எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நீங்களே முடிவெடுக்கலாம். ஒரு வரியில சொல்லணும்னா, அது முள்ளை முள்ளால் எடுத்த கதை.

46 மீட்டர் நீளத்துல ஒரு டெலஸ்கோப்

1610 ஜனவரியில கலிலியோ வியாழனைச் சுத்தி நாலு நிலவுகளைப் பார்த்தார். அவர் கையில் இருந்த டெலஸ்கோப் ஏறக்குறைய 20 மடங்குதான் பெரிதாக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க. உலகத்தைப் புரட்டிப் போட்ட கண்டுபிடிப்புக்கு 20 மடங்கு போதுமானதா இருந்தது.

ஆனா லென்ஸ்ல ஒரு பிறவிக் கோளாறு உண்டு. ஸ்கூல்ல முப்பட்டகம் வழியா வெயிலை விட்டு வானவில் பார்த்திருப்போம் இல்லையா? லென்ஸோட ஓரமும் ஒரு முப்பட்டகம் மாதிரிதான். நீல நிறத்தை அதிகமா வளைக்கும், சிவப்பைக் குறைவா வளைக்கும். அதனால எல்லா நிறமும் ஒரே இடத்துல குவியாது. வெள்ளை நட்சத்திரத்தைச் சுத்தி ஊதா நிறத்துல ஒரு புகை தெரியும். நிலாவோட ஓரம் கலர் கலரா பிசிறடிக்கும்.

17-ஆம் நூற்றாண்டு இதுக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம், லென்ஸோட வளைவைக் குறைக்கறது. வளைவு குறைஞ்சா கலர் கோளாறு தெரியறது குறையும், ஆனா ஒளி குவியற தூரம் நீண்டுக்கிட்டே போகும். டான்ஸிக் நகரத்துல, இன்றைய போலந்தின் க்தான்ஸ்க்ல, ஹெவேலியஸ் கட்டின டெலஸ்கோப்போட நீளம் 150 அடி. மீட்டர்ல சொன்னா சுமார் 46. பதினஞ்சு மாடிக் கட்டடத்தைப் படுக்கப் போட்ட மாதிரி. ஒரு பெரிய கம்பத்தை நட்டு, கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஆட்கள் இழுத்துப் பிடிச்சுத்தான் அதைத் திருப்பணும். காத்தடிச்சா ஆடும்.

'நல்ல' டெலஸ்கோப் வேணும்னா அது 'பெருசா'த்தான் இருக்கணும் என்பது அன்றைய விதி.

அதை உடைச்ச முதல் ஆட்களில் ஒருத்தர் நியூட்டன். ஒளியை நிறங்களாகப் பிரிச்சுப் பார்த்த அவர், லென்ஸ்ல இருந்து கலர் கோளாறை நீக்கவே முடியாது என்கிற முடிவுக்கு வந்தார். கண்ணாடி எந்த அளவுக்கு ஒளியை வளைக்குதோ, அதே விகிதத்துல நிறத்தையும் பிரிச்சுடும், எந்தப் பொருளா இருந்தாலும் இதுதான் கதி என்று நினைத்தார். சரி, லென்ஸே வேண்டாம், குழியாடி போதும்னு மாறினார். பிரதிபலிக்கும்போது நிறம் பிரியாது.

1668-ல அவர் செய்த டெலஸ்கோப் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். அதுக்குள்ள இருந்த மிரரோட குறுக்களவு 3 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். உள்ளங்கையில வச்சுக்கலாம். 1671 கடைசியில இன்னொண்ணு செஞ்சு லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அடுத்த மாசமே அவரை உறுப்பினரா சேர்த்துக்கிட்டாங்க.

ஆனா இதுலயும் ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, அந்த மிரர் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி சீக்கிரம் மங்கிடும். மறுபடி தேய்க்கும்போது வடிவமே கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. ரெண்டாவது, அந்த மிரரோட வளைவு ஒரு பந்தின் துண்டு மாதிரி இருந்தது. தேய்க்கறதுக்கு சுலபமான வடிவம் அதுதான். ஆனா பந்து வடிவ மிரர் எல்லாக் கதிரையும் ஒரே புள்ளியில குவிக்காது. ஓரத்துல பட்ட கதிர் ஒரு இடத்துல, நடுவுல பட்ட கதிர் வேற இடத்துல குவியும். கோளப் பிறழ்ச்சின்னு பாடப்புத்தகத்துல வரும். சரியா குவியணும்னா வளைவு பரவளையமா இருக்கணும். அதைக் கையால தேய்ச்சுக் கொண்டுவர்றது அன்னிக்குப் பெரிய பாடு.

மங்குதல், வடிவம். இந்த ரெண்டு பிரச்சினையும் கதையில் திரும்ப வரும்.

முதல் முள்

நியூட்டன் 'முடியாது'ன்னு சொன்னா அப்புறம் யார் முயற்சி செய்வாங்க? பல வருஷம் யாரும் செய்யலை. செய்தவர் இங்கிலாந்தில் எஸெக்ஸைச் சேர்ந்த ஒரு வக்கீல். பேர் செஸ்டர் மூர் ஹால். 1730-ஐ ஒட்டி அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது: எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி நிறத்தைப் பிரிக்காது. ஜன்னலுக்குப் போடற க்ரவுன் கண்ணாடி குறைவா பிரிக்கும். ஈயம் கலந்த ஃப்ளின்ட் கண்ணாடி அதிகமா பிரிக்கும். க்ரவுன்ல ஒரு குவிலென்ஸ், ஃப்ளின்ட்ல ஒரு குழிலென்ஸ் செஞ்சு ரெண்டையும் ஒட்டி வச்சா? முதல் லென்ஸ் பிரிச்ச நிறத்தை ரெண்டாவது லென்ஸ் திரும்பச் சேர்க்கும். ஒளி குவியறது மட்டும் மிச்சம் இருக்கும்.

கவனிங்க. ரெண்டு லென்ஸும் தனித்தனியா கோளாறானவைதான். ஒண்ணோட பிழை இன்னொண்ணோட பிழையைக் கழிக்குது. நம்ம வேலையில ஒரு பக்கைச் சரிபண்ண இன்னொரு பக் போட்டா டீம் லீட் விடமாட்டார். ஒளியியல்ல அதுதான் டிசைன்.

ஹால் ரகசியத்தைக் காப்பாத்த ஒரு தந்திரம் செய்தார். ரெண்டு லென்ஸையும் ரெண்டு வெவ்வேறு கடைகளில் ஆர்டர் கொடுத்தார். அந்த ரெண்டு கடைக்காரங்களும் வேலையை வெளியே கொடுத்தாங்க. ரெண்டு வேலையும் போய்ச் சேர்ந்தது ஜார்ஜ் பாஸ் என்கிற ஒரே தொழிலாளியிடம்! ரெண்டு லென்ஸும் ஒரே ஆளுக்குத்தான் என்று தெரிந்ததும், அவர் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டார். ரகசியம் மெல்ல லண்டன் பட்டறைகளுக்குள் கசிந்தது.

அடுத்து வருகிறவர் ஜான் டாலண்ட். லண்டனில் பட்டு நெசவு செய்தவர். மகன் பீட்டர் கண்ணாடிக் கடை வைத்ததும், 1752-ல தறியை விட்டுட்டு மகனோட தொழிலில் சேர்ந்தார். வேடிக்கை என்னன்னா, கலர் கோளாறை நீக்க முடியும்னு கணித மேதை ஆய்லர் எழுதினபோது, நியூட்டன் சொன்னதுதான் சரின்னு அவரை மறுத்து எழுதினவர் இதே டாலண்ட். பிறகு ஸ்வீடனில் இருந்து க்ளிங்கன்ஸ்டியெர்னா என்கிற கணித அறிஞர், நியூட்டனோட வாதத்துலயே ஓட்டை இருக்குன்னு காட்டினார். டாலண்ட் தானே பரிசோதனை செய்து பார்த்தார். நியூட்டன் சொன்னது தப்பு என்று தெரிந்தது. 1758-ல காப்புரிமை வாங்கினார்.

1761-ல ஜான் இறந்த பிறகு மகன் பீட்டர் அந்தக் காப்புரிமையை வைத்து மற்ற பட்டறைக்காரர்கள் மேல் வழக்கு போட ஆரம்பித்தார். 'இதை முதலில் கண்டுபிடிச்சது ஹால்தானே' என்று அவர்கள் வாதாடினார்கள். உண்மைதான். ஆனா 1766-ல தீர்ப்பு டாலண்ட் பக்கம் போச்சு. காரணம்: கண்டுபிடிச்சதை மேஜைக்குள்ள பூட்டி வச்சவரை விட, அதை ஜனங்க கைக்குக் கொண்டுவந்தவருக்கே பலன் சேரணும். இந்தக் கேள்வி, அதாவது நல்ல டெலஸ்கோப் யார் கைக்குப் போய்ச் சேருது என்பது, கதை முழுக்கத் தொடரும்.

எப்படியோ, ஹெவேலியஸோட 46 மீட்டர் குழாய் ஒரு மீட்டருக்குச் சுருங்கிடுச்சு. இன்னிக்கு உங்க கேமரா லென்ஸ், பைனாகுலர் எல்லாத்துலயும் இருக்கறது அந்த ஜோடியோட வம்சம்தான்.

ரயிலில் வந்த யோசனை

இப்போ 1941-க்கு வர்றோம். நாடு, சோவியத் யூனியன்.

திமித்ரி மக்சுதோவ், லெனின்கிராடில் அரசு ஒளியியல் நிறுவனத்தில் வேலை செய்தவர். பன்னிரண்டு வயசுலயே சொந்தமா 180 மி.மீ. டெலஸ்கோப் செய்த ஆள். பதினைந்து வயசுல ரஷ்ய வானியல் சங்கத்துல உறுப்பினர். ஜூன் மாதம் ஜெர்மனி படையெடுத்தது. நிறுவனத்தை வோல்கா பகுதியில் இருக்கிற யோஷ்கர்-ஓலாவுக்கு மாற்ற உத்தரவு வந்தது. ஆகஸ்ட்ல அவர் கிளம்பினார். செப்டம்பர் 8-ஆம் தேதி லெனின்கிராட் முற்றுகை தொடங்கியது.

அந்தப் பயணத்துல அவர் யோசிச்சுக்கிட்டு இருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான டெலஸ்கோப் பத்தி.

மிரர் டெலஸ்கோப் மலிவா செய்யலாம். அதுக்குள்ள உலோக மிரர் போய், கண்ணாடி மேல அலுமினியம் பூசுற நுட்பம் வந்தாச்சு. ஆனா குழாயோட வாய் திறந்திருக்கும். தூசி விழும், ஈரம் போகும், பசங்க விரலை விடுவாங்க. சில வருஷத்துல பூச்சு காலி. நியூட்டன் காலத்து 'மங்குதல்' பிரச்சினைதான், வேற உருவத்துல. அப்போ குழாயோட வாயை ஒரு கண்ணாடித் தட்டால மூடிட்டா? மூடலாம். ஆனா ஒளியியல் தரத்துல கண்ணாடித் தட்டுக்குச் செலவாகும். வெறும் மூடிக்கு அவ்வளவு காசா?

இங்கதான் அந்தப் பொறி தட்டியது. செலவு செஞ்சு கண்ணாடி வைக்கத்தான் போறோம், அதுக்கும் ஒரு வேலை கொடுக்கலாமே. தட்டையா இல்லாம, கிண்ணம் மாதிரி வளைந்த தடிமனான கண்ணாடியா வச்சா, அதுக்கும் கோளப் பிறழ்ச்சி உண்டு. ஆனா மிரரோட பிறழ்ச்சிக்கு நேர் எதிர்த் திசையில. ரெண்டும் கழிஞ்சு போயிடும்! தடிமனையும் வளைவையும் சரியா கணக்குப் போட்டா கலர் கோளாறும் கிட்டத்தட்ட வராது.

முக்கியமான விஷயம், இந்த டிசைன்ல எல்லாப் பரப்பும் பந்தின் துண்டுதான். பரவளையம் கிடையாது. நியூட்டன் காலத்து 'வடிவம்' பிரச்சினையும் தீர்ந்தது. பந்து வடிவத்தை மெஷின்ல வரிசையா தேய்ச்சு எடுக்கலாம். அதாவது, நிறைய செய்யலாம். மலிவா செய்யலாம்.

1941 அக்டோபரிலேயே, போர் நடக்கும்போதே, 100 மி.மீ. அளவுல முதல் டெலஸ்கோப் தயாரானது. அதே காலத்தில் நெதர்லாந்தில் ஆல்பர்ட் பவர்ஸும் இதே திசையில தனியாக யோசித்திருந்தார். ஆனா மக்சுதோவ் 1944-ல தன் வடிவமைப்பை விரிவா அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். ஹால் பூட்டி வச்சார், இவர் பிரசுரம் பண்ணினார். போருக்குப் பிறகு 70 மி.மீ. மக்சுதோவ் டெலஸ்கோப்புகள் சோவியத் பள்ளிக்கூடங்களுக்குப் போயின.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 'பசங்க கை பட்டா கெட்டுடக் கூடாது' என்கிற கவலையில இருந்துதான் இருபதாம் நூற்றாண்டின் மிக நேர்த்தியான சின்ன டெலஸ்கோப் பிறந்தது.

பள்ளிக்கூடத்தில் இருந்து தோல் பெட்டிக்கு

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் ஊரில் லாரன்ஸ் பிரேமர் என்று ஒருவர். விளம்பரத் துறை ஓவியர். போர் முடிந்த சில மாதங்களில் ஒரு கனவைப் பிடித்துக்கொண்டார்: முழு டெலஸ்கோப்பும், ஸ்டாண்டு, மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரு கைப்பெட்டிக்குள்ள அடங்கணும். மக்சுதோவ் டிசைன் அதுக்கு அச்சு அசலா பொருந்தியது.

ஏன்னு பாருங்க. ஒளி முன்கண்ணாடி வழியா உள்ளே போய், பின்னாடி இருக்கிற மிரர்ல பட்டுத் திரும்பி, முன்கண்ணாடியின் உட்பக்கம் நடுவில் ஒரு பொட்டு அளவுக்குப் பூசியிருக்கிற அலுமினியத்துல பட்டு, மறுபடி பின்னாடி வந்து, பெரிய மிரர் நடுவில் இருக்கிற ஓட்டை வழியா கண்ணுக்கு வரும். ஒளியைப் புடவை மாதிரி மடிச்சாச்சு. ஒரு மீட்டருக்கு மேல குவியதூரம், ஆனா குழாய் உங்க லேப்டாப் பையில போகும்.

1954-ல 'குவெஸ்டார்' விற்பனைக்கு வந்தது. 89 மி.மீ. குறுக்களவு, எடை மூணு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். குழாய் மேல நட்சத்திர வரைபடம், நிலா வரைபடம். தோல் பெட்டி. விலை 795 டாலர். அன்னிக்கு அமெரிக்காவில் ஒரு புதுக் காரோட விலையில கிட்டத்தட்ட பாதி. ஒவ்வொரு துண்டும் சோதிக்கப்பட்டது, சந்தேகமே இல்லை. நாசாவின் ஜெமினி 5 பயணத்துலகூட குவெஸ்டார் ஒளியியல் விண்வெளிக்குப் போச்சு. ஆனா பள்ளிக்கூடப் பிள்ளைக்காக யோசிச்ச டிசைன், வசதியானவங்க வரவேற்பறையில வைக்கிற நகை ஆகிடுச்சு.

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த நிலைமை நீடித்தது. 1996-ல மீட் நிறுவனம் 90 மி.மீ. மக்சுதோவ் ஒண்ணைச் சில நூறு டாலருக்கு விற்க ஆரம்பித்தது. ஸ்டாண்டுல நிறைய பிளாஸ்டிக், ஆனா லென்ஸும் மிரரும் நல்ல தரம். அதுக்கப்புறம் சீனத் தொழிற்சாலைகள் அதே வடிவத்தைப் பெரிய எண்ணிக்கையில செய்ய, இன்னிக்கு ஒரு நடுத்தர மொபைல் விலையில நமக்கு அது கிடைக்குது. எல்லாப் பரப்பும் பந்து வடிவம், மெஷின்ல வரிசையா செய்யலாம்னு மக்சுதோவ் நினைச்சது கடைசியில நடந்துடுச்சு.

பெட்டியைப் படிக்கறது எப்படி

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். நல்ல சின்ன டெலஸ்கோப்னா, பிழைகள் ஒண்ணையொண்ணு முழுசா கழிச்ச டெலஸ்கோப். நீங்க காசு கொடுக்கறது அந்தக் கழித்தலுக்குத்தான், பெட்டியில போட்டிருக்கிற மடங்குக்கு இல்ல.

மடங்கு வெறும் வகுத்தல் கணக்கு. டெலஸ்கோப்போட குவியதூரத்தை, கண்ணில் வைக்கிற ஐபீஸோட குவியதூரத்தால் வகுக்கணும். 1250-ஐ 25-ஆல வகுத்தா 50 மடங்கு. சின்ன ஐபீஸ் போட்டு எந்த எண்ணை வேணும்னாலும் வரவழைக்கலாம். ஆனா உருப்படியா பார்க்கக்கூடிய உச்சம், குறுக்களவு மி.மீ.-க்கு 2 மடங்கு. 60 மி.மீ. டெலஸ்கோப்னா 120. அதுல 675 போட்டா மங்கலான ஒரு கொழுக்கட்டைதான் தெரியும். அதைப் பார்த்த குழந்தை, டெலஸ்கோப் மோசம்னு நினைக்காது. வானம் போர் அடிக்குதுன்னு நினைக்கும். பெட்டி பரண் ஏறிடும். எனக்கு அந்த விளம்பரத்து மேல கோபம் வர்றதே அதனாலதான்.

ரெண்டாவது, பிழை கழிஞ்சிருக்கான்னு நீங்களே பார்க்கலாம். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வச்சு, ஃபோகஸை ஒரு பக்கம் கொஞ்சம் கலைங்க. வட்ட வட்டமா வளையங்கள் தெரியும். அதே அளவு மறுபக்கம் கலைங்க. ரெண்டு பக்கமும் வளையங்கள் ஒரே மாதிரி, வட்டமா இருந்தா நல்ல ஒளியியல். ஒரு பக்கம் பளிச்சுன்னும் மறுபக்கம் குழம்பியும் இருந்தா, கழித்தல்ல மீதி இருக்குன்னு அர்த்தம்.

மூணாவது, எதுக்கு வாங்கறோம்? என்கிட்ட இருக்கறது ஒரு 90 மி.மீ. மக்சுதோவ். நிலாப் பள்ளங்கள், வியாழனோட ரெண்டு பட்டைகள், சனி வளையம், இரட்டை நட்சத்திரங்கள், இதெல்லாம் நகர வெளிச்சத்துக்கு நடுவுலயும் அருமையா தெரியும். ஆனா பார்வைப் பரப்பு குறுகல். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுசா அடங்காது. அகலமா பார்க்கணும், ஊருக்கு எடுத்துட்டுப் போய் இருட்டு வானத்துல பால்வீதியை மேயணும்னா, 60-லிருந்து 80 மி.மீ. வரைக்கும் ஈடி கண்ணாடி போட்ட குட்டை லென்ஸ் டெலஸ்கோப் பொருத்தம். அது டாலண்ட் ஜோடியோட இன்றைய வாரிசு. மங்கலான கேலக்ஸிகள்தான் வேணும்னா ரெண்டுமே போதாது. 200 மி.மீ. மிரர், 90 மி.மீ.-ஐப் போல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு ஒளி சேர்க்கும். ஆனா அதைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறணும். எந்தச் சின்ன டெலஸ்கோப்பும் இந்தக் கணக்கை ஏமாத்த முடியாது.

நாலாவது, ஸ்டாண்டு. விரல் பட்டா அஞ்சு விநாடி ஆடற ஸ்டாண்டு, எவ்வளவு நல்ல லென்ஸையும் வீணாக்கிடும். ஹெவேலியஸைக் கேளுங்க.

சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு. ஏசி ரூம்ல இருந்து மொட்டை மாடிக்கு நேரா எடுத்துட்டுப் போனா, மக்சுதோவோட முன்கண்ணாடி முழுக்கப் பனி படிஞ்சுடும். துடைக்காதீங்க. மூடியோட வெளியே வச்சு, அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க. இன்னொண்ணு எல்லா ஊருக்கும்: முன்பக்கம் சரியான சூரிய ஃபில்டர் இல்லாம சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது. ஒரு விநாடி போதும், கண் போயிடும்.

கையில கிடைச்சதும் முதல்ல எதைப் பார்க்கறது? நிலாவை எல்லாரும் பார்ப்பீங்க. ஏப்ரல், மே மாத ராத்திரியில வடக்கே சப்தரிஷி மண்டலத்துக்குத் திருப்புங்க. கல்யாணத்துல ஐயர் பகல்லயே கை காட்டி விடுவாரே, அந்த அருந்ததி அங்கதான் இருக்கு, வசிஷ்டர் பக்கத்துல. வெறும் கண்ணுக்கு ரெண்டு புள்ளி. 50 மடங்குல வசிஷ்டரே ரெண்டா பிரிஞ்சு நிற்பார். 1617-லயே கலிலியோவோட மாணவர் காஸ்டெல்லி பார்த்து அசந்துபோன காட்சி அது. ரெண்டும் ஊசி முனை மாதிரி, நடுவுல சுத்தமான கருப்போட தெரிஞ்சா, நீங்க வாங்கினது நல்ல டெலஸ்கோப்தான். வீட்டுல இருக்கிற வாண்டு எதையாவது கூப்பிட்டுக் காட்டுங்க. தொட்டா தொடட்டும். முன்கண்ணாடியை அங்க வச்சதே அவங்களை நினைச்சுத்தான்.